இரண்டு நிமிடம் முன்னதாக

என் பெயர் அக்ரிஸ்.
லாத்விய மொழியில் 'சீக்கிரம்' என்ற சொல்லிலிருந்து வந்தது.
எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டேனாம்.
முந்திரிக்கொட்டை. அன்றைக்கே.

ரீகாவில் டிராம் ஓட்டுகிறேன், பத்தாம் எண்.
தாமதமாகப் போனால் பனியைக் காட்டலாம்,
தண்டவாளத்தில் நின்று பாடிய குடிகாரனைக் காட்டலாம்.
இரண்டு நிமிடம் முன்னதாகப் போனால்
காட்ட ஒன்றும் கிடையாது.
ஓடிவந்தவர்கள் நிறுத்தத்தில் நிற்பார்கள்
என் பின்விளக்கைப் பார்த்தபடி.

இங்குனா அப்படி நின்றது பதினோரு வருடம்.
"பரவாயில்லை" என்பாள்.
அந்தச் சொல்லை என்மேல் கழுத்துவரை இழுத்துவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
கதகதப்பான போர்வைதான்,
மூச்சுதான் விட முடியாது.

வாய்ப்பாடு சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
நிறுத்தங்களின் பெயர்களைக் கடைசியிலிருந்து
தலைகீழாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
ஒருமுறைகூட ஆற்றைத் தாண்டியதில்லை.

"எவ்வளவு நேரம்?" என்று டாக்டர் விஸ்மா கேட்டார்.
"ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்தது."
அவர் சிரிக்கவில்லை.
மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினார்.
"எனக்குச் சோர்வு ஒன்றும் இல்லையே."
"தெரியும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு.
உங்களுக்கு வேண்டியது அதுதான்."

மருந்துக்கடைப் பெண் பெட்டியைப் பார்த்தாள்,
குரலைத் தாழ்த்தினாள்:
"பிப்ரவரி எல்லோருக்குமே கஷ்டம். வெயில் வரும், பாருங்கள்."
எனக்கில்லாத துக்கத்துக்கு வந்த ஆறுதலை
அதிகமாகத் தந்துவிட்ட சில்லறைபோல
எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு
வெளியே வந்துவிட்டேன்.

முதலில் கொட்டாவி. பிறகு குமட்டல்.
பிறகு நான்காவது வாரத்து ஞாயிறு.
கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது.
சொட்டுகளை எண்ண எனக்கு நேரம் இருந்தது.
நடுவில் இங்குனா கண் திறந்து கேட்டாள்:
"இன்னும் இங்கேதான் இருக்கிறாயா?"
இருவரும் சிரித்ததில்
மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

இதோடு முடித்திருக்கலாம்.

பணிமனையில் கோட்டைக் கழற்றும்போது அட்டை விழுந்தது.
ஓயார்ஸ்தான் எடுத்தான்.
திருப்பிப் பார்த்தான். பேசவில்லை.
தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தான்.
அதே வெள்ளிக் காகிதம், அதே இருபது மில்லிகிராம்.

"உனக்குமா" என்றபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.
மகள் போனது போன கோடையில்.
கல் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு
கதவைத் திறந்து இறங்கிப் போய்விடலாம் என்று
இரண்டு தடவை தோன்றியதாம்.
பயணிகள் இருந்தார்களாம், அதனால் ஓட்டினானாம்.
பன்னிரண்டு வருடமாகத் தேநீர் குடிக்கிறோம்,
வானிலையைத் தவிர நாங்கள் பேசியதில்லை.

வாங்கிய சில்லறை என் பைக்குள் கனத்தது.
சொல்லிவிட்டேன். என்னுடையது வேறு, ஓயார்ஸ்.
எதற்கு என்று சொன்னேன்.
நிறுத்தக் கணக்கையும் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான்.
பிறகு அலமாரிக் கதவில் தலையை முட்டி முட்டிச் சிரித்தான்.
"அடப்பாவி! இதை விழுங்கத் தொடங்கியதிலிருந்து
என் வண்டி போய்ச் சேர்வதே இல்லை.
பைபா காத்திருந்து காத்திருந்து தூங்கியே போகிறாள்.
என் வியாதியை நீ காசு கொடுத்து வாங்குகிறாய்!"
சிரிப்பின் கடைசியில் அது சிரிப்பாக இல்லை.
நான் அவன் தோளில் கையை வைத்தேன்.
எடுப்பது எப்போது என்று தெரியவில்லை,
அதனால் அங்கேயே இருந்தது.

மாலையில் கல் பாலத்தைத் தாண்டி நின்றேன்.
என் வண்டிக்குப் பின்வண்டி அவனுடையது.
ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
கதவுகளைத் திறந்தே வைத்தேன், குளிர் ஏறியது,
யாரோ முணுமுணுத்தார்கள்.
கண்ணாடிக்குள் அவன் விளக்கு
பாலத்தின் நடுவுக்கு வந்தது.
நடுவைக் கடந்தது.
இந்தக் கரைக்கு வந்த பிறகுதான்
நான் மணியடித்தேன்.

நான்கு நிமிடத் தாமதம்.
காரணம் கேட்டார்கள். பனி என்றேன்.
அன்று பனி பெய்யவில்லை.